தாயும் சேயும் நலம்... அப்புறம்?

கேள்வி:

எனக்கு 31 வயது. நாலரை மாதத்தில் ஒரு மகன் இருக்கிறான், முதல் பிள்ளை. 35 வாரத்திலேயே பிறந்துவிட்டான். கல்லூரியில் கூடப் படித்த நாற்பது பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். போன ஒரு வருடத்தில் மட்டும் அதில் ஏழெட்டுப் பேருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. தினமும் படமும் செய்தியும்தான். என் மகனை விட இரண்டு வாரம் சின்னவளான ஒரு தோழியின் மகள் குப்புறக் கவிழ்ந்துவிட்டாள். இன்னொருத்தியின் மகன் ராத்திரி முழுக்கத் தூங்குகிறானாம். என் மகன் இன்னும் கவிழவில்லை, இரவில் மூன்று தடவை எழுந்துகொள்கிறான். தாய்ப்பால் போதாமல் புட்டிப்பாலும் கொடுக்கிறேன். அதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. அவன் தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அந்தப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணவரோ, 'போனைத் தூக்கிப் போடு, எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி ஆறு வருடமாகக் குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறாள். மகன் பிறந்ததை நான் குழுவில் போட்ட அன்று ஒரு இதயக் குறி அனுப்பினாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. மனசு விட்டு அழுவதற்கு எனக்கு இருப்பவள் அவள்தான். ஆனால் இதை அவளிடமே போய்ச் சொல்ல முடியுமா? பேசாமல் குழுவை விட்டு வெளியேறிவிடட்டுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

மனநல மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

குழுவை விட்டு வெளியேறலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. 'அவன் தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.' கவிழ்வதைப் பற்றியும் புட்டிப்பாலைப் பற்றியும் விவரமாக எழுதிவிட்டு, இதற்கு அரை வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவது சகஜம். பிள்ளை எழுப்பிவிடுகிறது, அதனால் தூக்கம் போகிறது. அப்படிப்பட்டவர்கள் பிள்ளை கண் மூடிய அடுத்த நிமிடம் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவார்கள். உங்களுக்கு நடப்பது வேறு. பிள்ளை தூங்குகிறான், வீடு அமைதியாக இருக்கிறது, உடம்பு அடித்துப்போட்டதுபோல் கிடக்கிறது, ஆனாலும் கண் மூட மறுக்கிறது. பிரசவமான பெண்கள் வந்தால் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, 'குழந்தை தூங்கும்போது உங்களால் தூங்க முடிகிறதா?' என்பது. முடியவில்லை என்று பதில் வந்தால் அதோடு விடமாட்டோம், மேற்கொண்டு துருவிக் கேட்போம்.

பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது, சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மனசு உடைவது பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி நாலு மாதம் ஆகிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அதிலிருந்து வேறுபட்டது. அது தானாக அடங்கும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பிரச்சினை ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு மனச்சோர்வுதான். உங்கள் குழுவில் ஏழெட்டுப் பிரசவம் என்றால், அந்தத் தாய்மார்களில் இன்னொருத்திக்கும் இது வந்திருக்க வாய்ப்பு உண்டு. அவள் அதைப் படம் எடுத்துப் போட்டிருக்க மாட்டாள்.

கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு மனச்சோர்வு என்று நான் முத்திரை குத்த மாட்டேன். அது நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். மனநல மருத்துவர்தான் என்றில்லை, பிரசவம் பார்த்தவரிடமே தொடங்கலாம். எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1987இல் உருவானது, பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். தமிழிலும் கிடைக்கிறது. ஐந்து நிமிட வேலைதான். மொத்தம் 30 மதிப்பெண்ணில் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். மதிப்பெண் குறைவாக வந்தாலும் தூக்கமின்மையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் வருடத்தில் நூற்றில் ஐந்து பெண்களுக்காவது தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. படபடப்பு, தூக்கமின்மை, அப்புறம் சோர்வு என்று அது மனச்சோர்வின் வேஷத்திலேயே வந்து நிற்கும். ரத்தசோகையும் அப்படித்தான். மனச்சோர்வுதான் என்று உறுதியானால் பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. 'மாத்திரை என்றால் பாலை நிறுத்தச் சொல்வார்களோ' என்ற பயத்திலேயே பல பெண்கள் மாதக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பயத்தையே மருத்துவரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, இரண்டு மூன்று நாள் தூங்காமலே உடம்பில் தெம்பு பொங்குவதுபோல் இருந்தாலோ, வாரம் கடத்தாதீர்கள். அன்றைக்கே, அந்த மணிக்கே, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அதுவரை பிள்ளையோடு தனியாக இருக்கவும் வேண்டாம்.

சரி, இனி குழுவுக்கு வருவோம்.

ஏதோ ஒரு நடிகையின் குழந்தை ஒன்பது மாதத்தில் நடந்தது என்று படித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் லேசாக உறுத்தும். கூடப் படித்தவளின் பிள்ளை என்றால்தான் வயிறு கலங்குகிறது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். மனிதர்கள் தங்களை எடைபோட்டுக்கொள்ளத் தங்களைப் போன்றவர்களையே தேடுகிறார்கள், வித்தியாசம் கூடக் கூட ஒப்பிடும் எண்ணம் குறைந்துவிடுகிறது என்பது அவர் சொன்னது. கல்லூரித் தோழிகளை விட உங்களைப் போன்றவர்கள் வேறு யார் இருக்க முடியும்? ஒரே வயது, ஒரே பாடம், ஒரே நாளில் தொடக்கம். அதற்கப்புறம் வாழ்க்கை ஆளுக்கொரு திசையில் இழுத்துப் போயிருந்தாலும், மனசு இன்னும் தேர்வு முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னால்தான் நிற்கிறது. முதலில் தன் எண்ணைத் தேடுகிறது, அடுத்ததாகப் பக்கத்தில் உட்கார்ந்தவளின் எண்ணை. உங்களுக்குப் பொறாமைக் குணம் வந்துவிட்டதாக நினைத்துக் குமைந்துகொண்டிருந்தால், அதை விட்டுவிடுங்கள். இவ்வளவு நெருக்கமான கூட்டத்தில் யாருக்கும் இது வரும்.

அந்தச் செய்திகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'பெண் குழந்தை, மூன்று கிலோ, தாயும் சேயும் நலம்.' பொய்யில்லை. ஆனால் தையல் போட்ட இடத்தில் உட்கார முடியாமல் தவித்தது, பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது, மஞ்சள் காமாலை என்று பிள்ளையைக் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தது எதுவும் அந்த ஒரு வரிக்குள் வராது. வர வேண்டியதும் இல்லை. நாற்பது பேர் வாசிக்கும் இடத்தில் தையலைப் பற்றி யார் எழுதுவார்கள்? நீங்கள் போட்ட செய்தியையும் எடுத்துப் பாருங்கள். 35 வாரம் என்று எழுதினீர்களா? பிள்ளை சரியாக உறிஞ்சவில்லை என்று எழுதினீர்களா? உங்கள் செய்தியைப் பார்த்தும் எங்கோ ஒருத்தி பெருமூச்சு விட்டிருப்பாள்.

நாற்பது பேரில் எட்டுப் பேருக்குக் குழந்தை என்றால், மீதி முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களில் கல்யாணமே வேண்டாம் என்றிருப்பவர்கள் இருக்கலாம், குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இருக்கலாம், கர்ப்பம் கலைந்ததை யாரிடமும் சொல்லாதவர்களும் இருக்கலாம். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து கலைந்துபோகின்றன. அப்படிக் கலைந்தால் யாரும் குழுவில் செய்தி போடுவதில்லை.

இப்போது உங்கள் மகன். அவனுடைய குழந்தைநல மருத்துவர் உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கலாம், பதற்றத்தில் காதில் விழாமல் போயிருக்கலாம். 35 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு வளர்ச்சியைக் கணக்கிடும்போது பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. முழு மாதம் என்பது 40 வாரம், அவன் ஐந்து வாரம் முன்னால் வந்துவிட்டான். ஆகவே நாலரை மாதத்தில் ஐந்து வாரத்தைக் கழியுங்கள். மூன்று மாதமும் கொஞ்ச நாட்களும்தான் வரும். இதைத் திருத்திய வயது என்பார்கள், இரண்டு வயது வரை இப்படித்தான் பார்ப்பார்கள். தோழியின் மகள் பிறந்த தேதிப்படி இரண்டு வாரம் சின்னவள்தான். அவள் முழு மாதத்தில் பிறந்திருந்தால், வளர்ச்சிக் கணக்கில் உங்கள் மகனை விட அவள் மூன்று வாரம் பெரியவள். இந்த வயதில் மூன்று வாரம் என்பது சின்ன இடைவெளி இல்லை. (தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதிப்படியேதான் போட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு.)

முழு மாதத்துப் பிள்ளைகளிலேயே வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்தது. அதில் நடை பற்றிய கணக்கை ஐந்து நாடுகளில் எடுத்தார்கள். ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்து கிடந்தது. தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நேராக எழுந்து நடந்த குழந்தைகள் நூற்றில் நாலு பேருக்கு மேல் இருந்தார்கள். எட்டு மாதத்தில் நடந்த பிள்ளையின் படம் குழுவுக்கு வரும். பதினேழு மாதத்தில் நடந்த பிள்ளையின் அம்மா அன்றைக்கு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள்.

கவிழ்வதைப் பொறுத்தவரை, அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் குப்புறக் கிடந்து மல்லாந்து திரும்புவது ஆறாம் மாதத்தில்தான் வருகிறது. அதுவும் நாலில் மூன்று குழந்தைகளாவது செய்துவிடும் வயது என்ற கணக்கில். உங்கள் மகனிடம் இப்போது பார்க்க வேண்டியது வேறு. முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறானா? நீங்கள் நகர்ந்தால் கண் பின்னாலேயே வருகிறதா? பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடுகிறானா? குப்புறப் படுக்க வைத்தால் தலையைக் கொஞ்சமாவது தூக்குகிறானா? இரண்டு கையையும் ஒரே மாதிரி அசைக்கிறானா? இதில் எதற்காவது இல்லை என்று பதில் வந்தால், ஆறாம் மாதம் வரை காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், கவிழும்போது கவிழட்டும். அதற்குள் அவனைக் கட்டிலில் தனியாக விட்டு நகராமல் இருக்கப் பழகுங்கள். முதல் தடவை கவிழும் பிள்ளைகள் சொல்லிவிட்டுக் கவிழ்வதில்லை.

ராத்திரி முழுக்கத் தூங்கும் அந்த இன்னொரு பிள்ளை விஷயம். 2018இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் நூற்றில் 38 பேர் இரவில் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 பேர் தூங்கவில்லை. விடாமல் தூங்கியவர்களுக்கும் எழுந்து எழுந்து தூங்கியவர்களுக்கும் வளர்ச்சியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. திருத்திய கணக்கில் மூன்று மாதப் பிள்ளை மூன்று தடவை எழுவது, நான் கேட்டால் புருவத்தைக்கூடத் தூக்க மாட்டேன்.

புட்டிப்பாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 34 வாரத்துக்கும் 37 வாரத்துக்கும் இடையில் பிறக்கும் பிள்ளைகள் பார்வைக்கு முழு மாதத்துப் பிள்ளை போலவே இருப்பார்கள். ஆனால் உறிஞ்சும் தெம்பு குறைவாக இருக்கும், பாதியில் தூங்கிவிடுவார்கள். பிள்ளை நன்றாக உறிஞ்சினால்தான் பால் நன்றாகச் சுரக்கும். உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பாலூட்டல் தெரிந்த செவிலியரோ ஆலோசகரோ கிடைத்தால் ஒரு தடவை காட்டிப் பாருங்கள், தாய்ப்பால் கூடவும் வாய்ப்பிருக்கிறது. கூடாவிட்டாலும் எடை ஏறினால் போதும். இதைக் குழுவில் சொல்லாததை ஏதோ ஒளித்துவைத்ததாக நினைக்காதீர்கள். அது அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

வெளியேறலாமா என்றால், இப்போது வேண்டாம். தூக்கமில்லாத மூளை எடுக்கும் முடிவுகளில் இந்த மாதிரி முடிவுகளை நான் நம்புவதில்லை. வெளியேறினால் குழுவை நடத்துபவர்களுக்கு உடனே தெரியும், மெல்ல மற்றவர்களுக்கும் தெரியவந்து பத்துப் பேர் ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லும் தெம்பும் உங்களுக்கு இல்லை. சத்தத்தை நிறுத்தி, குழுவைக் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவிடுங்கள். படங்கள் தானாகப் போனில் இறங்குவதையும் நிறுத்துங்கள். பகலில் ஒரு நேரம் வைத்துக்கொண்டு பார்ப்பதென்றால் பாருங்கள். இரவில் பால் கொடுக்கும்போது மட்டும் போன் வேறு அறையில் இருக்கட்டும். மூன்று மணிக்குப் பார்க்கும் படமும் பகல் பதினொரு மணிக்குப் பார்க்கும் படமும் ஒன்றில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, நன்றாகத் தூங்கிய ஒரு நாளில், வெளியேறத் தோன்றினால் அப்போது தாராளமாக வெளியேறுங்கள்.

இப்போதெல்லாம் இன்னொரு அறிவுரையும் சுற்றுகிறது. 'உண்மையைப் போட்டு உடைத்துவிடு, மற்றவர்களும் மனம் திறப்பார்கள்' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பது பேருக்கு முன்னால் மனசைத் திறந்து வைத்தால் இருபது பேர் அறிவுரை சொல்வார்கள், இரண்டு பேர் மருந்தின் பெயரும் அளவும் சொல்வார்கள். பச்சைக் குழந்தைக்கு மருந்து எடையைப் பார்த்துக் கொடுப்பது, அடுத்தவர் பிள்ளையின் அளவைக் கேட்டுக் கொடுப்பதில்லை. அதை விட, அந்தக் குழுவிலிருந்து ஒரே ஒருத்தியைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை கவிழ்ந்துவிட்டது என்று போட்டாளே, அவளாகவே இருக்கலாம். தனியாக எழுதுங்கள். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்காதீர்கள், 'ராத்திரி எல்லாம் எப்படிப் போகுது உனக்கு?' என்று அவளைப் பற்றிக் கேளுங்கள். பிரசவமானதிலிருந்து அவளைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வருகிற பதில் படத்தில் இருந்ததைப் போல இருக்காது என்பது என் அனுபவம்.

கணவர் சொன்னது பாதி சரி. போனைத் தூக்கிப் போடலாம், ஆனால் அதோடு எல்லாம் சரியாகிவிடாது. அவர் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு இருக்கிறது. புட்டி ஏற்கெனவே வீட்டில் இருப்பதால், இரவு ஒன்பதிலிருந்து இரண்டு வரை பிள்ளையை முழுதாக அவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் வேறு அறையில் படுங்கள். முதல் நாலைந்து நாள் தூக்கம் வராமல் புரளுவீர்கள், அப்படியும் படுங்கள். தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்க முடிந்தால் பாதிச் சிகிச்சை. அந்த நேரத்தில் மார்பு கனத்து வலித்தால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சிவிட்டுப் படுங்கள். பத்து நாள் இப்படிச் செய்தும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால், அதுவே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முக்கியமான தகவல்.

அவரையும் கொஞ்சம் கவனியுங்கள். வகுப்பில் படித்த ஆண்கள் 'அப்பா ஆகிவிட்டேன்' என்று ஒரு படம் போட்டு, வாழ்த்துக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள், பார்த்தீர்களா? நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2010இல் வெளியான ஒரு கட்டுரைப்படி, பிரசவத்துக்கு முன்னும் பின்னுமான காலத்தில் தந்தையரில் சுமார் பத்து விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பேச மறப்பதை அவர் சொல்வார், அவர் சொல்லாமல் வைத்திருப்பதும் வெளியே வரலாம்.

கடைசியாக உங்கள் அறைத்தோழி. உலகில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை. அவள் அனுப்பிய அந்த இதயக் குறியை நீங்கள் இத்தனை நாளாகப் புரட்டிப் புரட்டிப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அதை இப்படிப் படிக்கிறேன்: அவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை, ஆனாலும் எதுவும் அனுப்பாமல் இருக்கவும் முடியவில்லை. அப்புறம் வந்த மௌனம் உங்களைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. அவள் எடுப்பது சோதனைக் குழாய்ச் சிகிச்சை என்றால், கருவைக் கருப்பைக்குள் வைத்தபின் முடிவு தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் பலர் யாரிடமும் பேச மாட்டார்கள். முடிவு சாதகமாக இல்லை என்றால் அதற்கப்புறமும் கொஞ்ச காலம் பேச மாட்டார்கள்.

குழந்தை பிறந்த செய்தியை அவளுக்கு முதலில் தனியாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐந்து வாரம் முன்னால் திடீரென்று பிரசவமான அன்று அதெல்லாம் யாருக்குத் தோன்றும்? இப்போது செய்யலாம். போன் செய்யாதீர்கள், எழுதி அனுப்புங்கள். போனில் என்றால் அந்த நொடியே குரலைச் சரிசெய்துகொண்டு சந்தோஷமாகப் பேச வேண்டிய கட்டாயம் அவளுக்கு. எழுத்து என்றால் படித்துவிட்டு, அழ வேண்டுமென்றால் அழுதுவிட்டு, இரண்டு நாள் கழித்துக்கூடப் பதில் போடலாம். இந்த மாதிரி இருந்தால் போதும்:

'உன் ஞாபகமாவே இருக்குடீ. அவன் பிறந்ததை உன்கிட்ட தனியா சொல்லாம குரூப்ல போட்டுட்டேன், அது உறுத்திக்கிட்டே இருக்கு. நீ எப்படி இருக்கே? உடனே பதில் போடணும்னு இல்ல. எப்போ தோணுதோ அப்போ கூப்பிடு.'

கூடவே பிள்ளையின் படம் வேண்டாம். 'மனசை லேசா வச்சுக்கோ, தானா நிக்கும்', 'தத்தெடுத்துக்கலாமே', 'உனக்காவது ராத்திரி தூக்கம் இருக்கு' போன்ற எதுவும் வேண்டாம். ஆறு வருடத்தில் இதையெல்லாம் அவள் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள்.

உங்கள் கஷ்டத்தை அவளிடம் சொல்லலாமா? சொல்லலாம், முதலில் கேட்டுவிட்டு. பேச்சு மறுபடி தொடங்கி, அவள் பங்கை நீங்கள் கேட்ட பிறகு, 'எனக்கும் இங்க சரியில்ல, சொல்லட்டுமா, இல்ல இப்போ வேண்டாமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சரி என்றால் முழுசாகச் சொல்லுங்கள். குழந்தை இல்லாதவளாயிற்றே என்று சொல்லாமல் மூடி வைப்பதும் சிலரைக் காயப்படுத்துகிறது. சிகிச்சையில் இருக்கும் பெண்களில் பலர் என்னிடம் சொல்லும் குறையே, கூடப் படித்தவர்கள் யாரும் இப்போது தன்னிடம் எதையும் சொல்வதில்லை என்பதுதான். உங்கள் தோழி எந்த ரகம் என்பது அவளுக்குத்தான் தெரியும், அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

பதிலே வராவிட்டால் மறுபடி மறுபடி எழுதித் துரத்த வேண்டாம். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, குழந்தை சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றை அனுப்புங்கள். ஹாஸ்டலில் நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்த ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். அவள் என்றாவது கூப்பிடும்போது மகன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாலும் எடுங்கள். 'அரை மணி நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்' என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கூப்பிடுங்கள்.